வீடு விக்க நல்ல மாசம் எது? ஆடியா, தையா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒரு ரிலீஸ் முடிஞ்சா அடுத்த ரிலீஸ்னு ஓடிக்கிட்டே இருக்கு பொழப்பு.

போன வாரம் டீ குடிக்கப் போன இடத்துல, கூட வேலை பாக்குற நண்பர் ஒருத்தர் கேட்டார். "நீங்கதான் ஊர்ல வீடு வித்தீங்களே பாஸ், எந்த மாசம் வித்தா நல்ல ரேட்டு கிடைக்கும்? நாங்களும் ஊர் வீட்டைக் கொடுத்துடலாம்னு இருக்கோம். அம்மா தை வரைக்கும் பொறுன்னு சொல்றாங்க."

"ஆமா பாஸ், தைதான் பெஸ்ட்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அப்படியே டீயோட சேத்து முழுங்கிட்டேன். ஏன்னா நாங்களும் தைக்குத்தான் காத்திருந்தோம். அந்தக் கதையைச் சொல்றேன், அப்புறம் என் கருத்தைச் சொல்றேன். ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம்.

எங்க ஊரு கெடார். விழுப்புரத்துலேர்ந்து காணை, வேட்டவலம் வழியா திருவண்ணாமலை போற ரோட்டுல இருக்கு. வெளியூர்க்காரங்களுக்கு இந்தப் பேரு தெரியணும்னா மழைக்காலம் வரணும். விழுப்புரம் மாவட்டத்துல எங்கெங்க எத்தனை மில்லிமீட்டர் மழைன்னு பேப்பர்ல பட்டியல் போடுவாங்க பாருங்க, அதுல வளவனூர், முண்டியம்பாக்கம், சூரப்பட்டுக்கு நடுவுல கெடாரும் இருக்கும். மத்தபடி நெல்லு, கரும்பு, மல்லாட்டைன்னு இருக்கிற ஊரு. (மல்லாட்டைன்னா வேர்க்கடலைங்க. மெட்ராஸ் வந்த புதுசுல கடையில மல்லாட்டை கேட்டு முழிச்சிருக்கேன்.)

அங்க தாத்தா வாங்கிக் கட்டின வீடு. முன்னாடி திண்ணை, நாட்டு ஓடு, நடுவுல கூடம், பின்னாடி மண்சுவர் வெச்ச ஒரு ரூம், ஒரு முருங்கை மரம். தாத்தா போய் பல வருஷமாச்சு. ஆயா மட்டும் தனியா இருந்தாங்க. 2023 பங்குனியில ஆயாவும் போயிட்டாங்க. வாரிசுன்னு பாத்தா அப்பா, பெரியத்தை, சின்னத்தை மூணு பேரு. வருஷத் திதி முடிஞ்சதும் வித்துடலாம்னு மூணு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணாங்க. அப்படித்தான் நான் நினைச்சேன்.

2024 ஆடி மாசம் ஒரு பார்ட்டி வந்தாரு. பக்கத்து ஊர்க்காரர், துபாய்ல வேலை, ரெண்டு மாச லீவுல வந்திருந்தாரு. பஸ் ஸ்டாப்பிலேர்ந்து நடக்கிற தூரத்துல வீடு வேணும், பழைய வீடா இருந்தாலும் பரவால்ல, இடிச்சுட்டுக் கட்டிக்கிறேன்னாரு. பேரம் பேசி 18 லட்சத்துல வந்து நின்னாரு. எங்க தெருவுக்கு அது நல்ல ரேட்டு. "இப்போ அட்வான்ஸ் போட்டு ஒப்பந்தம் பண்ணிக்கலாம், ஆவணி முதல் முகூர்த்தத்துல பத்திரம் பண்ணிக்கலாம், நான் ஆவணி நடுவுல கிளம்பணும்"னு சொன்னாரு.

அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாரு. "ஆடியிலயா? வேணாம். தையில பாத்துக்கலாம்."

பெரியத்தையும் தலையாட்டினாங்க. சின்னத்தை ஒண்ணும் சொல்லல. நான்? எனக்கு அன்னைக்கு ராத்திரி ஒரு டெப்ளாய்மென்ட் இருந்துச்சு. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

சரி, இந்த ஆடி மேட்டரைக் கொஞ்சம் யோசிப்போம்.

ஆடியில வீடு வாங்கக் கூடாது விக்கக் கூடாதுங்கறதை மூடநம்பிக்கைன்னு ஒரே போடா போட்டுட்டுப் போற ஆள் இல்ல நான். அதுல ஒரு கணக்கு இருக்கு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க. அந்த மாசம் கையில இருக்கிற காசெல்லாம் மண்ணுக்குள்ள போற மாசம். உழவுக்கு, விதைக்கு, உரத்துக்கு, ஆள் கூலிக்குன்னு போயிடும். வீடு வாங்குறவன் கையில காசு எங்க இருக்கும்? தையில சம்பா அறுப்பு. கரும்பு வெட்டு நடக்கும், ஆலையிலேர்ந்து பணம் வரும். அப்போதான் ஊர்ல நோட்டு புழங்கும். தை பிறந்தா வழி பிறக்கும்னு சும்மாவா சொன்னாங்க! ஆக, தையில விக்கணும்ங்கிறது ஒரு காலத்துல சுத்தமான மார்க்கெட் நிலவரம். அதுக்கு மேல பஞ்சாங்கத்தைப் போத்தி வெச்சிருக்காங்க, அவ்ளோதான்.

இது நம்மூர்ல மட்டும் இருக்கிற விஷயமும் இல்ல. வடக்க பித்ரு பட்சம் பதினைஞ்சு நாளும் புது வீடு, நிலம் பேச மாட்டாங்க. நவராத்திரி பொறந்ததும் கூட்டம் அள்ளும். கேரளாவுல கர்க்கடகம். சிங்கப்பூர், தைவான்ல இருக்கிற சீனர்கள் ஆகஸ்ட் வாக்குல வர்ற பேய் மாசத்துல வீடு வாங்கத் தயங்குவாங்க. அமெரிக்காவுல பேயும் இல்ல ஆடியும் இல்ல, ஆனா அங்கயும் குளிர் முடிஞ்சு வசந்த காலம் வந்தாத்தான் வீட்டு முன்னாடி போர்டு நடுவாங்க. பனி இருக்காது, தோட்டம் பச்சையா இருக்கும், ஸ்கூல் லீவுக்குள்ள குடி மாறிடலாம். எல்லா ஊர்லயும் சீசன் இருக்கு. ஆனா எல்லா இடத்துலயும் அது வாங்குறவனோட வசதியை வெச்சு வந்த சீசன்.

இன்னொரு வேடிக்கை. பஞ்சாங்கத்துல வாஸ்து புருஷன் கண் முழிக்கிற நாள்னு வருஷத்துக்கு எட்டு நாள் போட்டிருப்பான். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. பாத்தீங்களா? ஆடி 11 இருக்கு! இதை அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "அது மனை கோலுறதுக்குடா, எனக்கே பஞ்சாங்கம் சொல்லித் தர்றியா"ன்னு கட் பண்ணிட்டாரு :)

அரசாங்கமும் இந்த சீசனை ஒத்துக்கிட்டிருக்கு. சமீப வருஷங்கள்ல முகூர்த்த நாள் வந்தா பதிவுத்துறையே அறிக்கை விடுது. ஒரு சார்பதிவாளர் இருக்கிற ஆபீஸுக்கு 100 டோக்கனுக்குப் பதிலா 150, ரெண்டு பேர் இருக்கிற ஆபீஸுக்கு 200-க்குப் பதிலா 300. அதுக்கு மேல தட்கல் வேற. ஆடிப்பெருக்குக்கும் இப்படிக் கூடுதல் டோக்கன் கொடுத்திருக்காங்க. வசூலைப் பாருங்க. 2024 டிசம்பர் 5, கார்த்திகை முகூர்த்தம், ஒரே நாள்ல 238 கோடி. 2025 ஏப்ரல் 30 அட்சய திருதியை, 270 கோடிக்கு மேல. 2025 செப்டம்பர் 4, ஆவணி, அதுவும் 270 கோடிக்கு மேல.

இதைப் பாத்துட்டு "பாத்தியா, நல்ல நாள்லதான் விக்குது"ன்னு சொல்றவங்க ஒரு விஷயத்தை விட்டுடறாங்க. இது பத்திரம் பதிஞ்ச நாள். வீடு வித்த நாள் கிடையாது. வீட்டைப் பாத்து, பிடிச்சு, பேரம் பேசி, அட்வான்ஸ் கைமாறினது எல்லாம் அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே நடந்திருக்கும். எங்க பாஷையில சொன்னா, ரிலீஸ் தேதியைப் பாத்துட்டு அன்னைக்குத்தான் கோடு எழுதினாங்கன்னு நினைக்கிற மாதிரி.

இங்கதான் எங்க வீட்டுல கோட்டை விட்டோம். துபாய்க்காரர் கேட்டது ஆடியில ஒப்பந்தம், ஆவணியில பத்திரம். ரெண்டுமே செய்யக்கூடிய விஷயம். 2012 டிசம்பர்லேர்ந்து தமிழ்நாட்டுல கிரய ஒப்பந்தத்தையும் பதிவு பண்ணணும்ங்கிறதால அதுவும் பக்காவான டாக்குமென்ட்தான். நல்ல நாள் பாக்கிறவருக்கும் பிரச்சினையில்ல, பத்திரம் ஆவணியிலதானே!

அவர் ரெண்டு வாரம் பாத்தாரு. அப்புறம் பக்கத்து ஊர்ல வேற வீட்டை முடிச்சுட்டு ஃப்ளைட் ஏறிட்டாரு.

அதுக்கப்புறம் மழை. நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழைங்கிறது ஐப்பசி, கார்த்திகை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்து, நகராம அப்படியே நின்னு ஊத்துச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர். அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து விட்டு தென்பெண்ணை கரையோரம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். கெடார்ல ஆத்து வெள்ளம் இல்ல, மழைதான். ஆள் இல்லாத வீட்டுக்கு மழையே போதும். ஓடு நாலஞ்சு விலகியிருந்திருக்கு. பின்னாடி ரூம் மண்சுவர் ஊறிப் போய் உக்காந்துடுச்சு. முருங்கை மரம் அதுக்கு மேல விழுந்து கிடந்துச்சு.

ஆயா இருந்திருந்தா ராத்திரியே ஈயச் சட்டியை வெச்சு ஒழுகுற தண்ணியைப் புடிச்சிருப்பாங்க. காலையில ஆளைக் கூப்பிட்டு ஓட்டை மாத்தியிருப்பாங்க. பூட்டின வீட்டுல யார் இருக்கா?

அப்புறம் ஒரு வழியா தை வந்துச்சு. 2025 பொங்கல். மெட்ராஸ்லேர்ந்து விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேந்தேன். தெருவுல நுழைஞ்சா, எங்க வீட்டோட சேத்து அதே தெருவுல நாலு வீடு விலைக்கு இருக்கு! எல்லாரும் எங்கள மாதிரியே "தையில பாத்துக்கலாம்"னு காத்திருந்தவங்க. வாங்க வந்தவங்க ஒரே நடையில நாலையும் பாத்தாங்க. நாலு வீடு நிக்கிற இடத்துல ராஜா யாரு? வாங்குறவன்தான். தையில வாங்குறவங்க அதிகம் வருவாங்கன்னு கணக்குப் போட்ட நாங்க, விக்கிறவங்களும் அதிகம் வருவாங்கன்னு கணக்குப் போடல. இடிஞ்ச சுவரைப் பாத்துட்டு எங்க வீட்டுக்கு அவங்க சொன்ன ரேட்டு 13, 14.

நாலுல ஒண்ணு மட்டும் நல்ல விலைக்குப் போச்சு. எதிர்வீடு. அந்தப் பெரியவர் மார்கழியிலேயே தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில போட்டு ரெடியா வெச்சிருந்தாரு. கேட்டவுடனே எடுத்து நீட்டினாரு. தை முகூர்த்தத்துக்கே டோக்கன் போட்டுட்டாங்க.

எங்க பை? பட்டா இன்னும் தாத்தா பேர்ல. கரண்ட் கனெக்ஷன் தாத்தா பேர்ல. தாத்தாவுக்கு வாரிசுச் சான்று வாங்கவே இல்ல, ஆயாவுக்கும் வாங்கல. இதெல்லாம் தெரிஞ்சது தையில! அப்புறம் ஈ-சேவை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ்னு ஓட ஆரம்பிச்சு மூணு மாசம் போச்சு. எந்த ஆபீஸையும் குறை சொல்ல வரல. விண்ணப்பமே கொடுக்காம வீட்டுல உக்காந்திருந்தது நாங்கதான். அதுலயும் முக்கியமா நான்தான். பதிவுத்துறை தளத்துல வில்லங்கம் பாக்கிறதுக்கும், பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாக்கிறதுக்கும் அஞ்சு நிமிஷம் போதும். நாள் பூரா பொட்டி தட்டுற எனக்கு ஆடியில அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்கல.

கடைசியில வீடு வித்தது 2025 வைகாசியில. ஏன் வைகாசி தெரியுமா? வாங்கினவங்க ஒரு டீச்சர் தம்பதி. பேங்க் லோன் சாங்ஷன் ஆகியிருந்துச்சு, அந்த லெட்டர் சில மாசம்தான் செல்லும். ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள புள்ளைங்களோட குடி வரணும். அவங்களோட சீசன் ஸ்கூல் சீசன்! எங்க வீட்டுல ஒருத்தர் மண்டையிலும் உதிக்காத சீசன். 15 லட்சம்.

18-க்கும் 15-க்கும் 3 லட்சம் வித்தியாசம், ஆளுக்கு ஒரு லட்சம் போச்சுன்னு நான் கணக்கு முடிச்சுட்டேன். கணக்கு அங்க முடியலைன்னு பத்திரம் பதிஞ்ச அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

மூணு பேருக்கும் தனித்தனியா டி.டி. கொடுத்தாங்க. சின்னத்தை அதை வாங்கிப் பாத்துட்டு என்னைத் தனியா கூப்பிட்டாங்க. "தம்பி, இது எத்தனை நாள்ல பணமா மாறும்?" எதுக்கு அத்தைன்னேன். "அஞ்சாம் தேதிக்குள்ள கட்டிடணும்பா, இல்லைன்னா இன்னொரு மாச வட்டி சேந்துடும்."

அப்புறம் மெதுவா விசாரிச்சேன். 2024 ஆகஸ்ட்ல, அதாவது அதே ஆடி முடியுறப்போ, சின்னத்தை பொண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சீட்டு கிடைச்சிருக்கு. காலேஜ், ஹாஸ்டல், பஸ்ஸுன்னு கட்ட ரெண்டு லட்சம் கடன் வாங்கியிருக்காங்க. மூணு வட்டி. மாசம் ஆறாயிரம். பத்து மாசம், அறுபதாயிரம். வீடு வித்தா அடைச்சிடலாம்னு நம்பி வாங்கின கடன். ஆடியில வித்திருந்தா ஆறு லட்சம் கைக்கு வந்து, கடனே வாங்கியிருக்க வேண்டாம். தை வரைக்கும் பொறுத்ததுல எங்க அப்பாவுக்கு நட்டம் ஒரு லட்சம். சின்னத்தைக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். மூணு பேர்ல பணம் ரொம்பத் தேவைப்பட்டவங்க அவங்கதான், அதிகமா இழந்ததும் அவங்கதான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அத்தை?"

"அண்ணன் வேணாம்னு சொல்றப்போ நான் எப்படிப்பா அம்மா வீட்டை வித்துக் கொடுன்னு கேக்கறது? ஊர் என்ன சொல்லும்?"

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்தேன். தாத்தா சொந்தமா சம்பாதிச்சு வாங்கின சொத்து, உயில் இல்ல. அப்படிப்பட்ட சொத்துல மகளுக்கும் மகனுக்கும் சம பங்குன்னு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிடுச்சு. ஆனா அதே சட்டத்துல ஒரு பிரிவு இருந்துச்சு. குடும்பம் குடியிருக்கிற வீட்டை மட்டும், ஆண் வாரிசுகளா பாத்து பிரிச்சுக்க முடிவு பண்ற வரைக்கும் பொண்ணுங்க பிரிச்சுக் கொடுன்னு கேக்க முடியாதுன்னு. 2005 திருத்தத்துலதான் அதைத் தூக்கினாங்க. சட்டப் புத்தகத்துலேர்ந்து தூக்கிட்டாங்க. எங்க வீட்டுக் கூடத்துல அது 2024 ஆடி வரைக்கும் இருந்திருக்கு, அதுக்கு யாரும் பேர் வெக்கல.

அப்பா கெட்டவர் இல்லைங்க. தங்கச்சி கஷ்டம் தெரிஞ்சிருந்தா தன் கையிலேர்ந்தே கொடுத்திருப்பாரு. அவருக்கு வீட்டை விக்க மனசு வரல. ஆயா உக்காந்த திண்ணை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியல. ஆடின்னு சொல்லிட்டாரு. ஆடின்னு சொன்னா யாரும் எதிர்க் கேள்வி கேக்க மாட்டாங்க பாருங்க. புரட்டாசியா இருந்திருந்தா புரட்டாசின்னு சொல்லியிருப்பாரு.

அதனால என் கருத்து இதுதான். வீடு விக்க நல்ல மாசம் எதுன்னு கேக்கறப்போ பாதி நேரம் நாம வேற ஏதோ ஒண்ணைக் கேக்காம தள்ளிப் போடறோம். விக்க மனசு இருக்கா? பேப்பர் சரியா இருக்கா? பங்காளிங்கள்ல யாருக்கு எப்போ பணம் வேணும்? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சுட்டா மாசம் தானா வந்து நிக்கும்.

காத்திருந்தா விலை ஏறாதான்னு கேப்பீங்க. ஏறலாம். ஆனா காத்திருக்கிற காலத்துல என்ன வேணா நடக்கும். 2016 செப்டம்பர் 9-ம் தேதி அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு பண்ணக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. அந்த மாதிரி மனையை வெச்சுக்கிட்டு 2017 தைக்குக் காத்திருந்தவங்களுக்கு தை வந்துச்சு, பதிவு வரல. வரன்முறைத் திட்டம்னு வந்து தளர்ந்தது அதுக்கப்புறம்தான். நேர் எதிரும் நடக்கும். 2020-ல மகாராஷ்டிரா அரசு செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் முத்திரைக் கட்டணத்தை 5 சதவீதத்துலேர்ந்து 2 ஆக்கினதும், கொரோனா காலத்துலயே மும்பையில பதிவு குவிஞ்சது. நம்ம மாநிலத்துலயும் 2023-ல பதிவுக் கட்டணம் 4-லேர்ந்து 2 சதவீதம் ஆச்சு, ஆனா வழிகாட்டி மதிப்பு ஏறிடுச்சு. 2025 ஏப்ரல் 1-லேர்ந்து பெண்கள் பேர்ல 10 லட்சம் மதிப்பு வரைக்கும் பதிவு பண்ணா 1 சதவீதம் கம்மி. (எங்க வீடு அந்த வரம்பைத் தாண்டினதால டீச்சரம்மாவுக்குக் கிடைக்கல.) இதெல்லாம் எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு சொல்லுங்க?

நண்பருக்கு நான் சொன்னதை இங்கயும் போட்டு வெக்கிறேன். யாருக்காவது உதவும்.

1. ஆடியையும் மார்கழியையும் பேப்பர் மாசமா வெச்சுக்கங்க. வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், வில்லங்கம், வரி ரசீது. இதுக்கு எவனும் முகூர்த்தம் பாக்கறதில்ல.

2. பூட்டின வீடா இருந்தா ஐப்பசிக்கு முன்னாடி ஒரு ஆளை விட்டு ஓட்டைச் சரி பண்ணுங்க. நாங்க ரெண்டாயிரம் ரூபாய் செலவு பண்ணாம விட்டது லட்சத்துல போய் முடிஞ்சது.

3. நல்ல ஆள் வந்தா எந்த மாசமா இருந்தாலும் ஒப்பந்தம் போடுங்க. பத்திரத்தை அவர் பாக்கிற முகூர்த்தத்துக்கே வெச்சுக்கங்க. நல்ல நாள் குடி போறவங்களுக்கு வேணும், அது நியாயம். நமக்கு நல்ல ஆள் வேணும்.

4. மார்ச் கடைசின்னா ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. மார்ச் 31-க்கும் ஏப்ரல் 1-க்கும் நடுவுல ஒரு நாள்தான், ஆனா லாபம் எந்த வருஷக் கணக்குல ஏறுதுங்கிறது மாறிடும்.

5. இதுதான் முக்கியம். பங்கு இருக்கிற எல்லாரையும், குறிப்பா அத்தைகளை, தனியா உக்கார வெச்சு "உங்களுக்கு எப்போ பணம் தேவைப்படும்"னு கேளுங்க. கூட்டத்துல கேக்காதீங்க. கூட்டத்துல அவங்க "அண்ணன் இஷ்டம்"னுதான் சொல்வாங்க.

அன்னைக்கு பத்திரம் முடிஞ்சு சாயந்திரம் எல்லாரும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வந்தோம். சின்னத்தை பஸ் ஏறிப் போனதும், வட்டி விஷயத்தை அப்பாகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு, "ஆடியிலயே கொடுத்திருக்கலாம்டா"ன்னாரு. அடுத்த வாரம் தன் பங்குலேர்ந்து அறுபதாயிரம் எடுத்து சின்னத்தை அக்கவுண்டுல போட்டுட்டாரு. அத்தை போன் பண்ணி அழுதாங்க, திருப்பி அனுப்பறேன்னு சண்டை போட்டாங்க. அனுப்பல, நல்லவேளை.

அந்த அறுபதாயிரத்துல நானும் பாதி போட்டேன்னு எழுதினா பதிவு இன்னும் நல்லா இருந்திருக்கும். போடல. போடணும்னு தோணுனதே இதை எழுதும்போதுதான். இந்த மாசச் சம்பளம் வரட்டும்.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்ல, புரோக்கரும் இல்ல, ஜோசியரும் இல்ல. ஒரு வீட்டை நட்டத்துல வித்த அனுபவம் மட்டும்தான் நம்ம தகுதி. உங்க ஊர்ல எந்த மாசம் வீடு கைமாறும், ஏன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. கொங்கு பக்கமும் தெற்கத்தி பக்கமும் வேற கணக்கா இருக்கும்னு நினைக்கிறேன், தெரிஞ்சுக்க ஆசை.